க்வைடான் (1964) முதல் தடவை பார்க்கப் போகிறேன்: எந்தப் பதிப்பு, எப்படிப் பார்ப்பது?

பின்வரிசை:

வணக்கம். மசாகி கோபயாஷியின் க்வைடானை இந்த வார இறுதியில் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஜப்பானியப் பேய்ப்படம் என்றால் தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்தவைதான் எனக்குப் பழக்கம். அறுபதுகளின் படம், அதிலும் நான்கு கதைகள் சேர்ந்த ஆந்தாலஜி, இதுதான் முதல். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

படத்தின் நீளம் ஓரிடத்தில் 183 நிமிடம், இன்னோரிடத்தில் 161, வேறோர் இடத்தில் 125 என்று போட்டிருக்கிறார்கள். எது முழுப்படம்? மூன்று மணி நேரத்தையும் ஒரே அமர்வில் பார்க்க வேண்டுமா, கதைக்கு ஒரு நாள் என்று பிரிக்கலாமா, பிடித்த கதையை முதலில் போட்டுக்கொள்ளலாமா? ஜப்பானிய வரலாறு ஒன்றும் தெரியாது, புரியுமா? என்னிடம் இருப்பது 55 இஞ்ச் எல்இடி டிவி, சாதாரண சவுண்ட்பார். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் போடுவேன். எந்தெந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

முடிவுகளை உடைக்காமல் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

அகலத்திரை:

183தான் முழுப்படம். 1964 டிசம்பர் கடைசியில் ஜப்பானில் வெளியானபோது இருந்த நீளம் அது. 161 என்பது வெளிநாடுகளுக்காகச் சுருக்கியது. அதில் நான்கு கதைகளும் இருக்கும், காட்சிகள் சுருக்கப்பட்டிருக்கும். 125 நிமிடம் என்பது 1965இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனது. அதில் இரண்டாவது கதையான ‘பனிப்பெண்’ணையே தூக்கிவிட்டார்கள். படத்தின் மிக அழகான பகுதிகளில் ஒன்று அது. 125ஐத் தொடவே தொடாதீர்கள்.

நிமிடக் கணக்கில் ஒரு குழப்பம் வரும். ஐரோப்பாவின் பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடிகளில் படம் நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓடும், அதாவது 4 சதவீதம் வேகம் கூடுதல். அதனால் 183 நிமிடப் படம் அங்கே கிட்டத்தட்ட 176 நிமிடம் காட்டும். 161 நிமிடப் படம் 154, 155 என்று காட்டும். 176ஐப் பார்த்து ‘வெட்டிய பிரதி’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெட்டில்லை, வேகம்தான்.

ப்ளூ-ரே வாங்குவதாக இருந்தால் கிரைட்டீரியன் 2015இல் வெளியிட்டது 183 நிமிடம், 2கே ஸ்கேனிலிருந்து புதுப்பித்தது. அதே நிறுவனம் 2000இல் போட்ட டிவிடி 161 நிமிடம்தான். பழைய புத்தகக் கடை, செகண்ட் ஹேண்ட் விற்பனை என்று எடுப்பவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றுதான். பிரிட்டனில் யூரேகா 2020இல் வெளியிட்ட ப்ளூ-ரேயும் 183தான்.

இனி டிவி. முக்கியமானதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் இருக்கும். டிவி தானாக இடைப்பட்ட ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகும் வேலை அது. இந்தப் படத்தில் கேமரா மிக மெதுவாக நகரும். அந்த நகர்வு சீரியல் போல வழுக்கிக்கொண்டு தெரிந்தால், கையால் வரைந்த வானமும் அட்டை மரமும் ‘செட்’ என்று பல்லைக் காட்டிவிடும். பிக்சர் மோடை சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் என்று வையுங்கள். கலர் டெம்பரேச்சர் வார்ம். ஷார்ப்னஸ் குறைவாக. ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இருட்டுக் காட்சியில் ஓர் ஓரம் வெளிச்சமானதும் மொத்தப் படமும் மினுங்கும்.

அடுத்தது படத்தின் அகலம். டோஹோஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுத்த படம், அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 2.35:1. உங்கள் 55 இஞ்ச் திரையின் உயரம் ஏறக்குறைய 68 செ.மீ. அதில் படம் 52 செ.மீ. பிடிக்கும், மேலும் கீழும் எட்டு செ.மீ.க்குச் சற்று மேல் கறுப்புப் பட்டை நிற்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்திருந்தால் பக்கவாட்டில் கிட்டத்தட்ட கால்வாசிப் படம் போய்விட்டது என்று பொருள். ஒளிப்பதிவாளர் யோஷியோ மியாஜிமா ஆட்களைச் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடுவை வெறுமையாக விடுவார். ஜூம் செய்தால் ஆளே காணாமல் போவார். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன் ஆன் செய்தால் ஓரங்கள் முழுதாக வரும்.

மடிக்கணினி இணைப்பில் பெரும்பாலும் கெடுவது கறுப்பு. கணினி வரம்புக்குட்பட்ட வீச்சில் (16 முதல் 235) அனுப்பி, டிவி முழு வீச்சை (0 முதல் 255) எதிர்பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும். தலைகீழாக இருந்தால் நிழலில் இருக்கும் விவரம் மொத்தமும் ஒரே மைக்கறையாகிவிடும். சோதிப்பது சுலபம்: விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புப் பட்டையைப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் டிவியின் எச்டிஎம்ஐ பிளாக் லெவலை மாற்றுங்கள். பட்டை நன்றாகக் கறுத்திருந்தும் முதல் கதையில் பாழடைந்த வீட்டுக்குள் மரச்சட்டங்களே தெரியவில்லை என்றால் எதிர்ப்பக்கம் மாற்றிப் பாருங்கள்.

ஏழடி தூரத்தில் உட்காருங்கள். பத்தடிக்கு மேல் போனால் அகலத்திரை என்பதற்கே அர்த்தமில்லை.

---

ஒலிப்பெட்டி:

படத்தைப் பற்றி அகலத்திரை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனா இந்தப் படத்துல பாதி பயம் காதுலதான் இருக்கு, அதை யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க.

இசை டோரு டகெமிட்சு. ‘இசை’ன்னு சொல்றதே பொருத்தமில்லை. மரம் பிளக்கிற சத்தம், கல் மோதுற சத்தம், இதையெல்லாம் பதிவு பண்ணி டேப்ல வெட்டி ஒட்டி வேகம் மாத்தி வச்சிருக்கார். முதல் கதையோட கடைசிப் பகுதியைக் கவனிங்க. ஒரு ஆள் பதறி ஓடுறான், தரைப்பலகை உடையுது, ஆனா பலகை உடையிற சத்தம் அந்த இடத்துல வராது. கொஞ்சம் தள்ளி, சம்பந்தமே இல்லாத நொடியில ஒரு மரம் முறியிற சத்தம் வரும். முதல் தடவை பாக்குறவங்க ஆடியோ சிங்க் போயிடுச்சுன்னு நினைச்சு நிறுத்திடுவாங்க. சிங்க் போகலை. கண்ணு ஒண்ணு பாக்க, காது வேற ஒண்ணு கேக்கணும்னு வேணும்னே பிரிச்சு வச்சது. உண்மையிலேயே சிங்க் சரியா இருக்கான்னு பாக்கணும்னா அதே கதையில ஆரம்பத்துல ரெண்டு பேர் நேருக்கு நேர் பேசுற இடத்துல உதட்டைப் பாருங்க.

சவுண்ட்பார்ல செய்ய வேண்டியது:

நைட் மோட், ஆட்டோ வால்யூம், வால்யூம் லெவலர்னு எது இருந்தாலும் அணைச்சிடுங்க. அதோட வேலையே சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்குறது. டகெமிட்சு நிமிஷக்கணக்கா ஒண்ணுமில்லாம விட்டு, அப்புறம் ஒரே ஒரு ‘டக்’ வைப்பார். லெவலர் ஓடிட்டு இருந்தா அந்த அமைதியில டேப் இரைச்சலைத் தூக்கிக் காட்டும், ‘டக்’கை மழுங்கடிக்கும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

மூல ஒலி மோனோ. சரவுண்ட், 3டி சவுண்ட்னு எந்த மோடும் வேண்டாம். ஸ்டாண்டர்ட் அல்லது ஸ்டீரியோ போதும். போலி சரவுண்ட் போட்டா வசனம் குகைக்குள்ள பேசுற மாதிரி ஆயிடும். பேஸ் பூஸ்ட்டும் வேண்டாம். அறுபதுகளோட ஆப்டிகல் ஒலித்தடத்துல அடியில பெருசா ஒண்ணும் கிடையாது, ஏத்தினா ‘ஹம்’தான் ஏறும்.

வால்யூமை முதல் கதையோட ஆரம்ப வசனத்துல, சாதாரணமாப் பேசுற குரல் தெளிவாக் கேக்கிற அளவுக்கு வச்சிட்டு ரிமோட்டைத் தள்ளி வச்சிடுங்க. அமைதியான இடத்துல ‘கேக்கலையே’ன்னு ஏத்தினா அடுத்து வர்ற முறிவு பக்கத்து வீட்டையும் எழுப்பிடும். ஃபேன் சத்தம் பெரிய எதிரி. முடிஞ்சா வேகத்தை ரெண்டுல வைங்க, ஏசி இருந்தா ஃபேனை நிறுத்திடுங்க. இதுக்குச் சரியான வழி ஹெட்போன்தான், காதை மூடுற ரகம். தனியாப் பாக்கிறதா இருந்தா யோசிக்காம அதையே மாட்டுங்க. ப்ளூடூத்தைவிட வயர் நல்லது. ப்ளூடூத்ல தாமதம் வந்தா அது படத்தோட வேலையா உங்க ஹெட்போனோட வேலையான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

மூணாவது கதையில வர்ற பீவா வாத்தியத்தை வாசிச்சது கின்ஷி ட்சுருதா. நரம்பை மீட்டுறதோட நிக்காம, பெரிய மரத்தகட்டால வாத்தியத்தோட உடம்பையே அடிக்கிற சத்தமும் சேர்ந்து வரும். அது கோளாறு இல்லை. டகெமிட்சு 1967இல பீவாவையும் ஷாகுஹாச்சி புல்லாங்குழலையும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவோட சேர்த்து எழுதின ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ படைப்புலயும் வாசிச்சது இவங்கதான். படம் பிடிச்சுப்போனா அடுத்து அதைத் தேடிக் கேளுங்க.

---

கிண்ணத்தேநீர்:

கதைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். முடிவு எதையும் உடைக்கவில்லை.

நம் ஓடிடி ஆந்தாலஜிகளில் கதைக்கு ஓர் இயக்குநர் இருப்பார். இங்கே நான்கும் கோபயாஷி ஒருவரே. திரைக்கதை யோகோ மிசுகி. கலை இயக்கம் ஷிகெமாசா டோடா. கதைகளை இணைக்கும் சட்டகக் கதை கிடையாது. 1945இல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’ போன்ற படத்தில் இணைப்புக் கதைதான் உயிர், அங்கே ஒன்றை விட்டாலும் மாற்றினாலும் கெட்டுவிடும். (அந்தப் படத்தை அமெரிக்காவில் 103 நிமிடத்திலிருந்து 77க்கு வெட்டி இரண்டு கதைகளைத் தூக்கினார்கள். எங்காவது 77 என்று பார்த்தால் ஓடிவிடுங்கள்.) க்வைடானில் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும், எனவே பிரித்துப் பார்ப்பதில் பாவமில்லை. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக நான்காவதை முன்னால் போடக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எப்படிப் பிரிப்பது? நான்கும் சம நீளம் அல்ல. முதல் இரண்டும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும் அடங்கும். மூன்றாவது மட்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நான்காவது அரை மணி நேரத்துக்குள் முடியும். ஆக, முதல் நாள் 1, 2. மறுநாள் 3, 4. நான்கு நாளாகப் பிரித்தால் படத்தின் நிதானத்துக்குள் நீங்கள் நுழைவதற்குள் அன்றைய கதை முடிந்துவிடும். ஒரே அமர்வுதான் வேண்டும் என்றால் இரண்டாவது கதை முடிந்ததும் இருபது நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். களைப்போடு மூன்றாவதற்குள் போனால் அதன் முதல் பகுதியிலேயே தூங்கிவிடுவீர்கள்.

மூலம் லாஃப்கேடியோ ஹெர்ன். 1850இல் கிரேக்கத்தின் லெஃப்கடா தீவில் பிறந்து, 1890இல் ஜப்பானுக்குப் போய், கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் அந்நாட்டுக் குடிமகனாகி, 1904இல் அங்கேயே இறந்தவர். அவருடைய ‘க்வைடான்’ நூலும் 1904தான். ஆனால் படத்தின் நான்கு கதைகளில் இரண்டுதான் அந்த நூலில் இருக்கின்றன: பனிப்பெண்ணும் ஹோயிச்சியும். முதல் கதை 1900இல் வந்த தொகுப்பிலும், நான்காவது 1902இல் வந்த தொகுப்பிலும் இருக்கின்றன. நூலை வாங்கிவிட்டுப் பாதிக் கதைகளைக் காணோம் என்று தேடுபவர்கள் உண்டு, அதற்காகச் சொன்னேன். எல்லாமே பொதுவுடைமை; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். படத்துக்கு முன் படிக்காதீர்கள். ஒவ்வொன்றும் சில பக்கம்தான், முடிவு உடனே கைக்கு வந்துவிடும்.

கருங்கூந்தல்: கியோட்டோவில் வறுமைப்பட்ட சாமுராய், மனைவியை விட்டுவிட்டு வேறு ஊரில் வசதியான இடத்தில் மணம் முடிக்கிறான். ரென்தாரோ மிகுனி. கதை எங்கே போகும் என்பதைப் பத்தாவது நிமிடத்தில் ஊகித்துவிடுவீர்கள். ஊகிக்கட்டும் என்றே எடுத்திருக்கிறார். ‘என்ன நடக்கும்’ என்று காத்திருக்காமல் வீட்டைப் பாருங்கள். அவன் கிளம்பும்போது வேலி எப்படி இருந்தது, தரை எப்படி இருந்தது, தறி எங்கே இருந்தது என்று மனதில் வைத்துக்கொண்டால் பின்பகுதி இரண்டு மடங்கு வேலை செய்யும்.

பனிப்பெண்: தத்சுயா நகாதாய், கெய்கோ கிஷி. பனிப்புயலில் சிக்கிய விறகுவெட்டி ஒருவன் ஒரு வாக்குறுதியோடு உயிர் தப்புகிறான். வானத்தில் கண்கள் வரையப்பட்டிருப்பதை இங்கேதான் பார்ப்பீர்கள். படத்தின் பெரும்பகுதியை விமானக் கொட்டகை ஒன்றில் செட் போட்டு எடுத்தார்கள். அடிவானம், சூரியன், பனி எல்லாம் திரைச்சீலையில் தீட்டியவை. ‘அந்தக் காலத்தில் முடியவில்லை போல’ என்று நினைக்க வேண்டாம். இதே கோபயாஷி இதற்கு முன் போரைப் பற்றி மூன்று பாகங்களில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தை வெட்டவெளியில் எடுத்துக் காட்டியவர். இங்கே யதார்த்தம் வேண்டாம் என்பது அவருடைய முடிவு, அதற்குச் செலவும் அதிகம். ஒளி மாறுவதைக் கவனியுங்கள். ஒரே அறையில், ஒரே வசனத்துக்கு நடுவில், வெளிச்சம் இளஞ்சூட்டிலிருந்து நீலத்துக்கு இறங்கும். பேய் வருகிறது என்பதற்கு அது போதும்.

காதில்லாத ஹோயிச்சி: தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல. வரலாறு தெரிந்திருக்க வேண்டியது இதற்கு மட்டும்தான். இவ்வளவு போதும்: ஹெய்கே, கென்ஜி என்று இரண்டு குலங்கள். ஹெய்கேயின் கொடி சிவப்பு, கென்ஜியின் கொடி வெள்ளை. 1185இல் டான்-நோ-உரா கடற்சண்டையில் ஹெய்கே அழிந்தது. அவர்கள் பக்கத்தில் இருந்த அன்டோகு பேரரசர் ஒரு குழந்தை. பாட்டி அவனைக் கையில் ஏந்திக் கடலில் குதித்தாள். அந்தக் கடற்கரைக் கோயிலில் வாழும் பார்வையற்ற பாடகன் ஹோயிச்சி, பீவா மீட்டி இந்தப் போரைப் பாடுபவன். சண்டைக் காட்சியில் நடிகர்களையும் பழைய ஓவியச் சுருளையும் மாற்றி மாற்றி வெட்டியிருப்பார்கள், பின்னால் பாட்டு மட்டும் ஓடும். இங்கே கொடியின் நிறம் தெரியவில்லை என்றால் யார் யாரைக் கொல்கிறார்கள் என்றே பிடிபடாது. சப்டைட்டில் கோப்பில் பாட்டு வரிகளுக்கும் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். வசனத்துக்கு மட்டும் இருந்தால் வேறு கோப்பு தேடுவது நல்லது, ஏனென்றால் போரின் கதை முழுவதும் பாட்டில்தான் இருக்கிறது. ஹோயிச்சியின் உடம்பு முழுக்க எழுதப்படுவது பிரஜ்ஞாபாரமிதா இதய சூத்திரம் என்ற பௌத்த நூல். எழுதும் காட்சியை வேகப்படுத்தாமல் பாருங்கள். தவறு நடப்பது அங்கேதான், நம் கண்ணெதிரிலேயே.

தேநீர்க் கிண்ணத்தில்: கிண்ணத்துத் தண்ணீரில் வேறொருவன் முகம் தெரிகிறது. இந்தக் கதை ஒரு எழுத்தாளரின் மேசையிலிருந்து தொடங்கும், பழைய கதைகள் சில ஏன் பாதியில் நிற்கின்றன என்று பேசும். கதையும் பாதியில் நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, உங்கள் பிரதி வெட்டப்படவுமில்லை. ஹெர்ன் எழுதியதே அப்படித்தான். கோபயாஷி அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். மூன்று முழுக்கதைகள் பார்த்துப் பழகிய பிறகு வந்தால்தான் அந்த நிறுத்தம் வேலை செய்யும். வரிசையை மாற்றாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: திடீரென்று பாய்ந்து வரும் உருவம். திடுக்கிடல் மொத்தப் படத்திலும் மிகச் சில. கேன்ஸில் 1965இல் சிறப்பு ஜூரி விருது வாங்கிய படம். பயம் இரவு படுத்த பிறகு வந்தால் வரும், வராமலும் போகலாம்.

---

பச்சைவெளிச்சம்:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா கேள்வி கேட்டவர் பழைய ஆந்தாலஜி ஒண்ணுகூடப் பார்க்காதவர். மூணு மணி நேரப் படத்துல இறக்கிவிடுறது நியாயமா? மரியோ பாவாவின் ‘பிளாக் சப்பாத்’ (1963) ஒன்றரை மணி நேரம், மூணு கதை. அதுல ஆரம்பிக்கலாமே. அதுலயும் பதிப்புக் குழப்பம் இருக்கு, தெரிஞ்சுக்குங்க.

இத்தாலியப் பதிப்பு 92 நிமிஷம், வரிசை: தொலைபேசி, வுர்டுலக், நீர்த்துளி. அமெரிக்காவுல ஏஐபி நிறுவனம் வெளியிட்டதுல வரிசையே வேற: நீர்த்துளி, தொலைபேசி, வுர்டுலக். ரொபெர்ட்டோ நிகோலோசியோட இசையை எடுத்துட்டு லெஸ் பாக்ஸ்டரைப் போட்டாங்க. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தொலைபேசிக் கதையோட அடித்தளத்தையே மாத்திட்டாங்க. மூலத்துல மிரட்டுறது உயிரோட இருக்கிற மனுஷங்க, ரெண்டு பெண்களுக்கு நடுவுல ஒரு பழைய உறவு. அமெரிக்கப் பதிப்புல அந்த உறவை அழிச்சு, கூப்பிடுறது பேய்ன்னு ஆக்கிட்டாங்க. கதை அர்த்தமே இல்லாம நிக்கும்.

அதனால இத்தாலியப் பதிப்பு. ஒரே நஷ்டம், போரிஸ் கார்லோஃபோட சொந்தக் குரல் அதுல கிடையாது, இத்தாலிய டப்பிங்தான். அவர் குரல் வேணும்னா முதல்ல இத்தாலியனை முழுசாப் பார்த்துட்டு, அப்புறம் அமெரிக்கப் பதிப்புல வுர்டுலக்கை மட்டும் பாருங்க. ஏரோ வீடியோ 2013இல போட்ட ப்ளூ-ரேல ரெண்டு பதிப்பும் இருக்கு. இத்தாலியனோட கடைசி நிமிஷத்தை அணைச்சிடாதீங்க, அமெரிக்கப் பதிப்புல இல்லாத ஒரு குறும்பு இருக்கு.

நீர்த்துளிதான் மூணுலயும் பயங்கரம். ஜன்னலுக்கு வெளிய பச்சை வெளிச்சம் அணைஞ்சு அணைஞ்சு எரியும், குழாய் சொட்டும், ஒரு ஈ பறக்கும். அவ்வளவுதான் சாமான். டிவியில கலரை வறட்சியா வச்சிருந்தா இந்தக் கதை செத்துடும். அகலத்திரை சொன்ன சினிமா மோடே போதும், சாச்சுரேஷனைக் குறைக்காதீங்க. இதை முதல் கதையா வச்ச அமெரிக்கப் பதிப்பு, சாப்பாட்டுக்கு முன்னாலயே பாயசத்தை ஊத்தின மாதிரி.

---

கிண்ணத்தேநீர்:

பாவா நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் அதே வேகத்தை எதிர்பார்ப்பார். பாவா ஒரு காட்சியில் முடிப்பதை கோபயாஷி பத்து நிமிடம் நிறுத்தி வைப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விட்டால் சரி. நேரம்தான் தடை என்றால் இன்னொரு வழி: க்வைடானின் முதல் கதையை மட்டும் ஓர் இரவு பாருங்கள். அதன் கடைசிப் பகுதி பிடிக்கவில்லை என்றால் மீதிப் படமும் உங்களுக்கு ஆகாது. நல்ல சோதனை, 40 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

---

பின்வரிசை:

எல்லாருக்கும் நன்றி. 183 நிமிடப் பிரதி கிடைத்துவிட்டது, கறுப்பையும் சரிசெய்தாயிற்று (சாம்பலாகத்தான் இருந்தது). இப்போது ஒரே தலைவலி சப்டைட்டில். தனியாக எடுத்த எஸ்ஆர்டி கோப்பு முதல் நிமிடத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வசனத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. விஎல்சி பிளேயரில் தள்ளித் தள்ளிப் பார்த்தும் கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகுகிறது. என்ன செய்வது?

---

அகலத்திரை:

போகப் போக விலகுகிறது என்றால் தள்ளி வைப்பதால் தீராது. விஎல்சியில் ஜி, எச் விசைகள் சப்டைட்டிலை முன்னும் பின்னும் 50 மில்லிநொடி நகர்த்தும், அவ்வளவுதான். வேகத்தை மாற்றாது.

உங்களுடையது நொடிக்கு 25 ஃபிரேம் பிரதிக்கு எழுதிய கோப்பு போலத் தெரிகிறது. உங்கள் வீடியோ 23.976. வித்தியாசம் 4.27 சதவீதம், ஒரு மணி நேரம் ஓடியதும் இரண்டரை நிமிடம் முன்னால் நிற்கும். கணக்குச் சரியா என்று பார்க்க, படத்தில் 20ஆவது நிமிடத்துக்குப் போங்கள். சப்டைட்டில் ஏறக்குறைய 50 நொடி முன்னால் இருந்தால் இதேதான் காரணம்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, சிங்க்ரனைசேஷன் மெனுவில் ‘சேஞ்ச் ஃபிரேம் ரேட்’ எடுங்கள். மூல வேகம் 25, புதிய வேகம் 23.976 என்று கொடுத்து, வேறு பெயரில் சேமியுங்கள். பழையதை அழித்துவிடாதீர்கள். வீடியோ கோப்புக்கும் புதிய எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும். பிறகும் எங்கும் ஒரே அளவு, ஒன்றிரண்டு நொடி மட்டும், விலகியிருந்தால் அதற்கு ஜி, எச் போதும்.

இன்னொரு வகை உண்டு. வேகம் சரியாக இருக்கும், ஆனால் ஏதோ ஒரு காட்சிக்குப் பிறகு திடீரென்று பல நொடிகள் எகிறும், இன்னொரு காட்சிக்குப் பிறகு மேலும் எகிறும். அப்படி இருந்தால் அது 161 நிமிடப் பிரதிக்கு எழுதியது. வெட்டிய காட்சிகளின் வசனமே அதில் இருக்காது, எனவே எந்த மென்பொருளாலும் சரியாகாது. கோப்பின் கடைசி வரியின் நேரத்தைப் பாருங்கள்: 183க்கு எழுதியது என்றால் மூன்று மணி நேரத்தை ஒட்டி நிற்க வேண்டும், 2 மணி 40 நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிட்டால் வேறு தேடுங்கள். 25 ஃபிரேம் கோப்பு என்றால் மாற்றுவதற்கு முன் 2 மணி 55 நிமிடத்தை ஒட்டி முடிந்திருக்கும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிண்ணத்தேநீர் சொன்ன பாட்டு வரிகளையும் இப்போதே சோதித்துவிடலாம். கோப்பை நோட்பேடில் திறந்து மூன்றாவது கதை தொடங்கும் இடத்துக்கு, அதாவது 1 மணி 20 நிமிடத்தை ஒட்டி, வாருங்கள். கடற்சண்டை ஓடும் நேரத்தில் வரிகள் அடுத்தடுத்து இருந்தால் பிரச்சினை இல்லை. நிமிடக்கணக்கில் இடைவெளி விட்டிருந்தால் பாட்டை மொழிபெயர்க்காத கோப்பு.